லினக்ஸ், பிஎஸ்டி: எதை வைத்து ஓர் இயங்குதளத்தை வரையறுப்பது?

கேள்வி:
லினக்ஸ், ஃப்ரீபிஎஸ்டி இரண்டும் யூனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்தை ஒத்த கட்டற்ற மென்பொருள்களாக இருக்க, முன்னதைக் கெர்னல் (வன்பொருளை நேரடியாகக் கையாளும் மையப் பகுதி) என்றும் பின்னதை முழு இயங்குதளம் என்றும் பிரித்துச் சொல்வது ஏன்?

மறுமொழி 1:
லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கியது கெர்னல் மட்டுமே. அதனுடன் குனூ திட்டத்தின் அடிப்படைக் கருவிகள், நிரல்கள் சார்ந்திருக்கும் சி நூலகம், மென்பொருள்களை நிறுவும் தொகுப்பு மேலாளர் முதலியவற்றை இணைத்து, டெபியன், ஃபெடோரா போன்ற வழங்கல்கள் அதை இயங்குதளமாக்குகின்றன. ஃப்ரீபிஎஸ்டியிலோ கெர்னலும் அடிப்படைக் கருவிகளும் ஒரே மூலநிரல் களஞ்சியத்தில் வளர்க்கப்பட்டு, ஒன்றாகவே வெளியிடப்படுகின்றன. அதன் கையேடுகள் நிரலோடு இவ்வளவு பொருந்தி நிற்பதற்கு இதுவே முதன்மைக் காரணம் என்று கருதுகிறேன்.

மறுமொழி 2:
கெர்னலை மட்டும் அளவுகோலாகக் கொள்ள இயலாது. ஆண்ட்ராய்டும் லினக்ஸ் கெர்னலில்தான் இயங்குகிறது. ஆல்பைன் லினக்ஸ் என்ற வழங்கல் குனூ கருவிகளுக்கு மாற்றாக பிஸிபாக்ஸ் என்ற சிறிய கருவித் தொகுப்பையும் மஸ்ல் என்ற சி நூலகத்தையும் கொண்டுள்ளது. டெபியன் குழுவினரோ ஒரு காலத்தில் ஃப்ரீபிஎஸ்டி கெர்னலின் மேல் குனூ கருவிகளை அமைத்தே ஒரு பதிப்பை வெளியிட்டார்கள்.

மறுமொழி 3:
உரிமத்தையும் கவனியுங்கள். லினக்ஸ் கெர்னலை மாற்றி விநியோகிப்பவர், ஜிபிஎல் என்ற உரிமத்தின் 2ஆம் பதிப்பின்படி, மாற்றிய மூலநிரலையும் பெறுபவருக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும். ஃப்ரீபிஎஸ்டியின் பிஎஸ்டி உரிமத்தில் அந்தக் கட்டாயம் இல்லை. பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் நீக்காதிருந்தால் போதும்.