பனியில் வானம் பார்த்த கதைகளை இங்கே கொட்டுங்கள்

நானே ஆரம்பிக்கிறேன். தை அமாவாசைக்கு மறுநாள், ஜவ்வாது மலையில் ஆலங்காயம் தாண்டி ஒரு நண்பரின் கொல்லையில் ராத்தங்கல். பக்கத்தில் காவலூர், 1986-இலிருந்து அங்கே 2.3 மீட்டர் தொலைநோக்கி வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, அந்த இருட்டில் நின்றால்தான் ஏன் அந்த இடத்தைத் தேடிப் பிடித்தார்கள் என்று புரியும். என்னிடம் இருந்தது ஆறு அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி. ஒன்பது மணி வாக்கில் ஓரியன் நட்சத்திரக் கூட்டம் உச்சிக்கு வந்துவிட்டது, இடுப்பு மாதிரி வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரத்துக்குக் கீழே அந்த நெபுலா, வாயு மேகம், சாம்பல் பூத்த இறகு மாதிரி விரிந்து கிடக்க, நடுவில் ஊசியால் குத்தினாற்போல நாலு நட்சத்திரம்.

பத்தரைக்கு மேல் எல்லாம் மங்கத் தொடங்கியது. கண் அசந்துவிட்டது என்று நினைத்தேன், கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸைத் துடைத்தேன், ஒன்றும் ஆகவில்லை. நிமிர்ந்து பார்த்தால் வெறுங்கண்ணுக்கு ஓரியன் பளிச்சென்று இருக்கிறது. சிவப்புக் கண்ணாடித் தாள் கட்டிய டார்ச்சைக் குழாய்க்குள் அடித்தேன். மேலே இருக்கிற சின்னக் கண்ணாடி முழுக்கப் பனி கோத்து, வெந்நீரில் குளித்த அறையின் கண்ணாடி போல வெள்ளையாக இருந்தது. அப்புறம் செய்ததுதான் மடத்தனம். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் துடைத்துவிட்டேன். கொல்லை மண் ஒட்டிய துண்டு. காலையில் பார்த்தால் அலுமினியப் பூச்சில் மயிரிழை மயிரிழையாகக் கீறல்.

மிச்ச ராத்திரி 10x50 பைனாகுலரும் கயிற்றுக் கட்டிலும்தான். சும்மா சொல்லக் கூடாது, அதுதான் நன்றாக இருந்தது. தெற்கே சிரியஸ், அதற்கு நேர் கீழே மலை விளிம்புக்கு மேல் கனோபஸ், நம் அகத்திய நட்சத்திரம். லண்டன்காரர் எவ்வளவு விலைக்குத் தொலைநோக்கி வாங்கினாலும் சொந்த ஊரிலிருந்து இதைப் பார்க்க முடியாது, அவருக்கு அது உதிப்பதே இல்லை. அதேபோல வெளிநாட்டுக் கட்டுரையைப் படித்துவிட்டு டிசம்பரில் கிளம்பாதீர்கள். நமக்கு அது வடகிழக்குப் பருவமழை முடியாத மாதம். பொங்கல் கழியட்டும்.

* * *

துண்டால் துடைச்சீங்களா அண்ணே! படிக்கும்போதே எனக்குப் பல் கூசியது. ஹேர் டிரையரை இளஞ்சூட்டில் தள்ளிப் பிடித்துக் காட்டினால் போதும், பனி தானாக விலகிவிடும். கரண்ட் இல்லாத இடம் என்றால் குழாயின் வாயைச் சுற்றி யோகா பாயை முழ நீளத்துக்குச் சுருட்டிக் கட்டுங்கள், பனி படிவது ரொம்பத் தள்ளிப் போகும்.

என் கதைக்குக் கருவியே வேண்டாம். திருச்சியில் எங்கள் மொட்டை மாடி, தெருவிளக்கு வெளிச்சம் வேறு. 2020 ஜனவரி, பிப்ரவரியில் திருவாதிரை மங்குகிறது என்று செய்தி வந்தபோது தினமும் எட்டு மணிக்கு மாடி ஏறினேன். ஓரியனின் ஒரு தோள் திருவாதிரை, அதாவது பெட்டல்ஜியூஸ், இன்னொரு தோள் பெல்லாட்ரிக்ஸ். எந்த வருடமும் முதல் தோள்தான் கண்ணை இழுக்கும். பிப்ரவரி நடுவில் இரண்டும் சமமாக நின்றன, அடையாளமே தெரியவில்லை. திருவாதிரை மாதிரி சிவப்பு நட்சத்திரத்தை முறைத்துப் பார்த்தால் இல்லாத பிரகாசம் வந்துவிடும், அதனால் ஓரக்கண்ணால் ஒரு பார்வை, உடனே அடுத்ததற்கு.

பாட்டிக்கு இது பிடிக்கவே இல்லை. ஆருத்ரா தரிசனத்துக்குக் களி கிண்டி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. “சிவனோட நட்சத்திரம் அணையுமாடா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நானும் வெடிக்கப் போகிறது என்று வேறு பயமுறுத்தி வைத்திருந்தேன். கோடைக்குள் பழைய வெளிச்சம் திரும்பிவிட்டது. நட்சத்திரம் கக்கிய வாயு குளிர்ந்து தூசியாகி முகத்தை மறைத்ததுதான் காரணம் என்று அடுத்த வருடம் ஆய்வு வந்தது. அதைச் சொன்னதற்குப் பாட்டி, “அதான், திருநீறு பூசியிருக்கார்” என்று முடித்துவிட்டாள்.

* * *

பொங்கல் கழியட்டும் என்பது சரிதான், ஆனால் டிசம்பர் நடுவில் விழும் ஜெமினிட் எரிகற்கள் அதுவரை காத்திருக்காதே. 2023 டிசம்பர் 13 ராத்திரி, நிலா இல்லை, தூத்துக்குடிக்குத் தெற்கே உப்பளத்து ஓரம் நானும் மச்சானும். மழைக்காலத்தில் உப்பு விளைச்சல் கிடையாது, பாத்தி எல்லாம் மழைத்தண்ணி. காற்று விழுந்த நேரத்தில் ஓரியன் மேலேயும் கீழேயுமாக இரண்டு.

ஒரு மணிக்கு மேல் டார்ச்சோடு காவல்காரப் பெரியவர் வந்துவிட்டார். மோட்டார் திருட வந்தவர்கள் என்று நினைத்திருப்பார் போல. விளக்கிச் சொன்னதும் டார்ச்சை அணைத்துவிட்டுக் கரையில் எங்களோடு குந்திக்கொண்டார். மற்ற எரிகற்கள் மாதிரி இவை சீறிப் போவதில்லை, நிதானமாக இழுக்கும், “அந்தா!” என்று சொல்லி முடிக்க நேரம் இருக்கும். மேகம் போக நாங்கள் எண்ணியது நாற்பத்தொன்று. அதில் ஒன்று பச்சையாக எரிந்து இறங்கியபோது பாத்தித் தண்ணியிலும் ஒரு கோடு ஓடியது. பெரியவர் அதைத்தான் பார்த்தாராம், மேலே பார்க்கவில்லை.

கிளம்பும்போது மச்சான் போனை எடுக்க, அவர் மேற்கே கை காட்டி, “அறுமீன் சாஞ்சிட்டு, மூணு ஆயிருக்கும்” என்றார். அறுமீன் என்றால் கார்த்திகை நட்சத்திரக் கூட்டம். போனில் மூணு பத்து.

நாலு நாள் கழித்து அந்தப் பெருமழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டியது, உப்பளம் எது, ரோடு எது என்று தெரியவில்லை. தண்ணி வடிந்ததும் போய் விசாரித்தேன். அக்கா வீட்டு மாடியில் இருந்தாராம், டார்ச்தான் போச்சு என்றார்.