முனைவர் பட்டத்துக்குப் பிறகு பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறுவது: எங்கே தொடங்குவது?

கேள்வி: கரும்புக்காட்டான், காத்ர் போர்ன்

வணக்கம். வெட்டிய தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும் கரும்பைக் குட்டையாக்கும் மறுதாம்புக் குட்டை நோயை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்று மூன்று ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு ஒப்பந்தங்கள் முடிந்துவிட்டன. மூன்றாவது, அறுவடை தொடங்கும் ஜூனில் முடிகிறது. நிரந்தர இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அம்மாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். மொரீஷியஸை விட்டு என்னால் போக முடியாது.

அப்பா கரும்பு வெட்டியவர். தைப்பூசத்தன்று மலையடிவார முருகன் கோவிலில் காவடிக்குக் காத்திருந்தவர்களிடமெல்லாம் என்னைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். அவரிடம் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

எபேன் வணிக நகரிலுள்ள நிறுவனங்களுக்கும் ஆலை ஆய்வகங்களுக்கும் 23 விண்ணப்பங்கள் அனுப்பினேன். ஒரே ஒரு நேர்காணல். "இவ்வளவு படித்துவிட்டு இங்கே ஏன் வருகிறீர்கள்?" என்று கேட்டார்கள். எனக்குப் பதில் வரவில்லை. இந்த வழியில் போனவர்கள் சொல்லுங்கள்.

பதில்: வேதியியல்காரி, ரோஸ் ஹில்

தம்பி, நான் 2018-இல் வெளியே வந்தேன். இப்போது ஏற்றுமதி மீனைச் சோதிக்கும் ஆய்வகத்தில் இருக்கிறேன்.

தன்விவரக் குறிப்பை ஆய்வேட்டைப் பார்த்து எழுதாதீர்கள். ஆய்வுக் குறிப்பேடுகளை எடுத்து வைத்துக்கொண்டு எழுதுங்கள். உங்கள் நோய் வெளியே தெரியாது, வெட்டுக்கத்தி வழியாகப் பரவும் என்று படித்திருக்கிறேன். நடுவதற்கான கரும்புத் துண்டுகளை, அதாவது விதைக்கரணைகளை, 50 டிகிரி வெந்நீரில் மணிக்கணக்கில் வைத்திருக்க வேண்டும். சூடு கொஞ்சம் ஏறினால் முளை போய்விடும், இறங்கினால் கிருமி தங்கிவிடும். அந்தத் தொட்டியின் அருகே எத்தனை இரவு உட்கார்ந்திருப்பீர்கள்! கண்ணுக்குத் தெரியாத நோய்க்காகக் கத்தியைக் கிருமிநாசினியில் முக்கும்படி எத்தனை பேரிடம் மன்றாடியிருப்பீர்கள்! வேலை கொடுப்பவர் தேடுவது அதைத்தான். ஆய்வேட்டில் அது இரண்டு வரியாகச் சுருங்கிப் போயிருக்கும்.

நான் சேர்ந்த முதல் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை மாலை. சூரை மீன் ஏற்றக் கன்டெய்னர் வாசலில் நிற்கிறது. பிடித்த மீனை உடனே குளிரில் வைக்காவிட்டால் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் சேரும். பிறகு சமைத்தாலும் போகாது. ஐரோப்பிய விதிப்படி ஒரு சரக்குக்கு ஒன்பது மாதிரிகள். ஒன்றுகூட கிலோவுக்கு 200 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. எட்டு நன்றாக இருந்தன. ஒன்று 230. "ஏற்றலாமா, கூடாதா?" என்றார் மேலாளர். நான் அளவீட்டுப் பிழையைப் பற்றிப் பத்து நிமிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு மறுபடியும் அதையே கேட்டார். "கூடாது" என்று எழுதிக் கையெழுத்திட்டபோது கை நடுங்கியது. பல்கலைக்கழகத்தில் என் முடிவுக்காக யாரும் அப்படிக் காத்து நின்றதில்லை. அடுத்த நேர்காணலில் அதே கேள்வி வந்தால், உங்கள் முடிவுக்காக யாராவது காத்திருக்கும் இடத்தில் வேலை செய்ய விரும்புவதாகச் சொல்லுங்கள். அது உண்மையாக இருந்தால் மட்டும் சொல்லுங்கள்.

சோதனைக்கூடங்களுக்கான ஐஎஸ்ஓ 17025 தரநிலையையும் படித்துவிடுங்கள். ஆய்வகம் எதுவானாலும் கேட்பார்கள்.

துக்கம் வரும். எட்டு மாதம் பல்கலைக்கழகம் இருக்கும் ரெதுயி பக்கம் போகும் பஸ்ஸில் நான் ஏறவே இல்லை.

பதில்: பழைய ஆசிரியர், மோகா

பாதியில் நிற்கும் கட்டுரை இருந்தால் ஜூனுக்குள் அனுப்பிவிடுங்கள். ஒப்பந்தம் முடிந்ததும் நூலகக் கடவுச்சொல் நின்றுபோகும். மாதிரிகள் பிறர் பொறுப்புக்குப் போகும். என் மகள் அப்படித்தான் இரண்டு ஆண்டு உழைப்பை இழந்தாள்.

அப்பாவிடம் நீங்களே சொல்லுங்கள், தம்பி. கோவிலில் வேறு யார் வாயாலும் அவர் அதைக் கேட்கக்கூடாது.

கரும்புக்காட்டான்

நன்றி அக்கா, நன்றி ஐயா. நேற்றிரவு குறிப்பேடுகளை எடுத்தேன். கத்தியை முக்கச் சம்மதித்த 41 பேரின் பெயர்கள் என் கையெழுத்தில் இருக்கின்றன. முதல் பெயர் அப்பாவுடையது. மற்றவர்கள் தயங்கி நின்றபோது அவர்தான் முன்னால் வந்து கத்தியை நீட்டினார். அந்தப் பக்கத்தைக் காட்டித்தான் இன்று அவரிடம் பேச்சைத் தொடங்கப் போகிறேன்.