மூன்றாம் வகுப்பு: எழுத்து தெரிகிறது, சொல் வரவில்லை

வணக்கம். விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு கிராமத்து அரசுத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்பிக்கும் அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஏழு பிள்ளைகள் ஜூனிலிருந்து இன்னும் அரும்பு எனும் தொடக்க நிலையிலேயே நிற்கிறார்கள்.

எழுத்துகளைத் தனித்தனியாகக் காட்டினால் சரியாகச் சொல்கிறார்கள். சேர்த்து வாசிக்கச் சொன்னால் நின்றுவிடுகிறார்கள். ‘பட்டம்’ என்பதை ‘ப, ட், ட, ம்’ என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார்கள். கொம்பு எழுத்துகள்தான் பெரிய சிக்கல். ‘கெ’யில் குறி முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. ‘கொ’வில் இரண்டு பக்கமும் குறி. பார்த்து எழுதுவதில் குறையில்லை, சொல்வதை எழுதும்போது புள்ளியை விட்டுவிடுகிறார்கள். கண் பரிசோதனை முடிந்தது, பார்வையில் கோளாறு இல்லை.

மின்னட்டை (ஃபிளாஷ் கார்டு), மணலில் எழுதுவது, படத்தோடு சொல், பாட்டு எல்லாம் செய்து பார்த்தாயிற்று. மூத்த ஆசிரியை, 247 எழுத்தையும் வரிசையாக மனப்பாடம் செய்யாமல் வாசிப்பு வராது என்கிறார். இன்னொருவர் வரிசையே வேண்டாம், ட, ப, ம என்று எளிய வடிவங்களில் தொடங்கிப் ‘படம்’, ‘மடம்’ எனச் சொல்லுக்குப் போகச் சொல்கிறார். எனக்கு இரண்டாவதுதான் சரியெனப் படுகிறது. ஆனால் அதிலும் கொம்பு வந்ததும் பிள்ளைகள் திணறுகிறார்கள்.

இப்படி நின்றுபோன பிள்ளைகளுக்கு ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஒகர வரிசைகளை எந்த வரிசையில், எந்தப் பயிற்சியால் கற்றுக்கொடுத்து வாசிக்க வைத்தீர்கள்?