நெட் 70-ல் டை, கோப்பை யாருக்கு?

பேக்நைன்
எங்கள் கோல்ஃப் கிளப்பில் போன ஞாயிறு மாதாந்திர மெடல் (மொத்த அடிகள் குறைந்தவர் ஜெயிக்கும் போட்டி). நானும் இன்னொருவரும் நெட் (ஹேண்டிகேப் கழித்த ஸ்கோர்) 70. எனக்கு ஹேண்டிகேப் (ஆட்டத் திறனுக்கேற்பக் கிடைக்கும் அடிச் சலுகை) 18, கிராஸ் (உண்மையில் அடித்த மொத்த அடிகள்) 88. அவருக்கு 8, கிராஸ் 78. கவுண்ட்பேக் (டை ஆனால் கடைசி ஹோல்களின் ஸ்கோரை ஒப்பிடும் முறை) என்று சொல்லி கடைசி ஒன்பது ஹோலின் கிராஸை மட்டும் பார்த்தார்கள், நான் 44, அவர் 40, கோப்பை அவர் கைக்குப் போய்விட்டது. ஹேண்டிகேப்பைக் கழிக்கவே வேண்டாமா?

சாண்ட்வெட்ஜ்
கழிக்காமல் எப்படி? மெடலில் கடைசி ஒன்பதுக்குப் பாதி ஹேண்டிகேப் போகும். உங்களுக்கு 44-ல் 9 போனால் 35, அவருக்கு 40-ல் 4 போனால் 36. ஜெயித்தது நீங்கள்தான் சார். அதிலும் டை என்றால் கடைசி ஆறு ஹோல், மூன்றில் ஒரு பங்கு ஹேண்டிகேப். அப்புறம் கடைசி மூன்று, ஆறில் ஒரு பங்கு. கடைசியில் 18-வது ஹோல். கோல்ஃப் விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ அமைப்பு போட்டிக் கமிட்டிகளுக்குப் பரிந்துரைக்கும் முறை இது. பரிந்துரைதான், கட்டாயமில்லை, அதனால் போட்டி விதிமுறையில் என்ன எழுதியிருந்தது என்று முதலில் பாருங்கள்.

மூணுபுட்
என்னைக் கேட்டால் கவுண்ட்பேக்கே பாதி லாட்டரி. முதல் ஒன்பதில் அருமையாக ஆடியவன் என்ன பாவம் செய்தான்? ஸ்டேபிள்ஃபோர்டில் (ஹோலுக்கு ஹோல் புள்ளி போடும் ஆட்டம்) இன்னொரு கூத்து: பல மைதானங்களில் ஒற்றைப்படை ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் (எந்த ஹோலில் முதலில் சலுகை ஷாட் என்ற வரிசை எண்) எல்லாம் முதல் ஒன்பதில்தான் இருக்கும், அப்போது ஹேண்டிகேப் 9 உள்ளவருக்கு முன்னால் 5 ஷாட், பின்னால் 4. டை ஆனாலே அவருக்கு ஒரு ஷாட் நஷ்டம். பேசாமல் கூடுதல் ஹோல் ஆடவிட்டு பிளேஆஃப் வைக்கலாம்.

பழைய செயலாளர்
தம்பி, சாயங்காலம் ஆறரைக்கு யாரை நிறுத்தி பிளேஆஃப் ஆடுவது, பாதிப் பேர் வீட்டுக்குப் போயிருப்பார்கள். 2008 யுஎஸ் ஓப்பனில் திங்கட்கிழமை 18 ஹோல் ஆடியும் டைகர் வுட்ஸும் ராக்கோ மீடியேட்டும் சமமாகத்தான் நின்றார்கள், 91-வது ஹோலில்தான் முடிந்தது. யுஎஸ் ஓப்பன் நடத்துபவர்களே 2018 முதல் பிளேஆஃபை இரண்டு ஹோலாகக் குறைத்துவிட்டார்கள். கிளப் சாம்பியன்ஷிப்புக்கு பிளேஆஃப், மாத மெடலுக்கு கவுண்ட்பேக், அவ்வளவுதான். ஷாட்கன் ஸ்டார்ட் (எல்லோரும் ஒரே நேரத்தில் வெவ்வேறு ஹோலில் தொடங்குவது) என்றால் யார் எங்கே தொடங்கினாலும் கடைசி ஒன்பது என்பது 10 முதல் 18 வரை என்றும் எழுதி வையுங்கள், இல்லையென்றால் அதற்கும் ஒரு சண்டை வரும்.

பேக்நைன்
நோட்டீஸில் 'டை என்றால் கவுண்ட்பேக்' என்று ஒரே வரிதான். ரிசல்ட் அறிவித்தாகிவிட்டது, இனி கேட்டுப் பயன் உண்டா?

சாண்ட்வெட்ஜ்
உண்டு. டை கணக்கைத் தப்பாகப் போட்டால் அது கமிட்டியின் நிர்வாகப் பிழை, போட்டி முடிந்த பிறகும் திருத்தலாம், காலக்கெடு கிடையாது. ஆனால் இவ்வளவு நாளாக எல்லோருக்கும் கிராஸ் வைத்தே முடிவு செய்து வந்தார்களா என்று விசாரித்துவிட்டுப் போங்கள்; அதுதான் கிளப் வழக்கம் என்றால் உங்கள் வாதம் நிற்காது.