எக்ஸ்பில 4 ஜிபி ரேம் போட்டும் போட்டோஷாப் மெமரி இல்லைங்குது, ஏன்?

செங்கோட்டை பிளெக்ஸ்: கடைல விண்டோஸ் எக்ஸ்பி 32 பிட்டு, போட்டோஷாப் சிஎஸ்2. சபரிமல சீசன், ஆரியங்காவு புனலூர் ஆளுக எல்லாம் இங்கதான் அடிக்க வாராக, 20க்கு 10 அடி போர்டுல அய்யப்பனுக்கு பின்னால ஒரு க்ளோ போட்டா போதும், ரேம் பத்தலன்னு பொட்டி வந்து நிக்கி. 2 ஜிபிய 4 ஆக்கியாச்சு, காசுதான் போச்சு.

புளியரை 64: அண்ணாச்சி, 32 பிட்ல எவ்ளோ ரேம் சொருகுனாலும் முகவரி கணக்கு மொத்தம் 4 ஜிபிதான், அதுல ஒரு புரோகிராமுக்கு 2 ஜிபிதான், மிச்ச 2ஐ விண்டோஸ் தனக்குன்னு பிடிச்சிக்கிடும். 64 பிட்டுக்கு மாறுங்க. விண்டோஸ்ல 64 பிட் போட்டோஷாப் 2008லயே சிஎஸ்4ல வந்துட்டு, எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலோட சப்போர்ட்டும் போச்சு.

களியக்காவிளை டிசைனர்: எதுக்கெடுத்தாலும் மாத்து மாத்துன்னா காசு யாரு குடுப்பா மக்கா? விண்டோஸ் கிளம்பும்போது படிக்கிற பூட்.இனி ஃபைல்ல ஸ்லாஷ் 3ஜிபின்னு (/3GB) சேத்துட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க, போட்டோஷாப்புக்கு 3 வரைக்கும் கிட்டும்.

புளியரை 64: அப்போ விண்டோஸுக்கு 1 ஜிபிதான் மிஞ்சும், டிஸ்ப்ளே டிரைவர் மண்டைய போட்டா நீங்களா வந்து பாப்பீக?

செங்கோட்டை பிளெக்ஸ்: மாத்தவும் வழியில்ல தம்பி, பிளெக்ஸ் மிஷினோட சாப்ட்வேரு, டாங்கிளு (சாப்ட்வேர் ஓட சொருகுற லைசென்ஸ் சாவி) எல்லாம் எக்ஸ்பிலதான் ஓடுது.

புளியரை 64: மிஷினுக்கு எக்ஸ்பி இருக்கட்டும், டிசைனுக்கு பழைய 64 பிட் பொட்டி ஒண்ணு வாங்குங்கங்கேன்.

களியக்காவிளை டிசைனர்: அதுக்கு முன்னால அண்ணாச்சி ஃபைல எத்தன டிபிஐல (இஞ்சுக்கு எத்தன புள்ளி) வச்சிருக்காருன்னு யாராவது கேட்டீங்களா?

செங்கோட்டை பிளெக்ஸ்: 150.

களியக்காவிளை டிசைனர்: இதான் சங்கதி! 20 அடி, 150ன்னா அகலமே 36,000 பிக்சல், போட்டோஷாப்போட பிஎஸ்டி ஃபைல் 30,000க்கு மேல சேவே ஆவாது, பிரிண்டுக்கான நாலு கலர் சிஎம்ஒய்கேல ஒத்த லேயரே (அடுக்கே) ரெண்டர ஜிபி தாண்டும். 72ல வச்சா 600 எம்பிக்குள்ள நிக்கும். பாதைக்கு மேல கட்டுற போர்டுல மூக்க வச்சா பாக்கப் போறான்? ரேம் பத்தாதப்ப போட்டோஷாப் எடுத்துக்கிடுற ஸ்கிராட்ச் டிஸ்க்கையும் சி டிரைவ்லேந்து வேற ஹார்டுடிஸ்க்குக்கு மாத்துங்க, ஹிஸ்டரி ஸ்டேட்ட (பின்னால போக ஞாபகம் வைக்கிற ஸ்டெப்புகள) கொறைங்க.

புளியரை 64: 72 சரிதான், ஒத்துக்கிடுதேன். ஆனா பத்து லேயரு போட்டா மறுபடி அதே செவுத்துல போயி முட்டணும், 2 ஜிபி 2 ஜிபிதான்.

செங்கோட்டை பிளெக்ஸ்: அச்சன்கோவில் பார்ட்டி வாசல்ல நிக்காரு, மொத 72ல போட்டு அனுப்புதேன். அந்த 3ஜிபி சமாச்சாரத்த கட பூட்டுன பொறவு பாக்கேன்.

புளியரை 64: தொடுறதுக்கு முந்தி பூட்.இனிய ஒரு காப்பி எடுத்து வைங்க அண்ணாச்சி, அவரு பேச்ச நம்பி சீசன் நேரத்துல பொட்டி எந்திரிக்காம போயிராம.