புதுப்பிப்பு: 200 எம்பிபிஎஸ் பிளானில் 94-ஐத் தாண்டாத வேகம்

200 எம்பிபிஎஸ் ஃபைபர் பிளான், ஸ்பீட் டெஸ்டில் எப்போது பார்த்தாலும் 94தான் என்று முன்பு எழுதியிருந்தேன். காரணம் தெரிந்துவிட்டது: ரூட்டருக்கும் லேப்டாப்புக்கும் நடுவிலிருந்த கேபிள்.

அந்த 94 என்ற எண்ணே பெரிய துப்பு. ரூட்டருக்கும் லேப்டாப்புக்கும் இடையிலான இணைப்பு (லிங்க்) 100 எம்பிபிஎஸ்ஸில் ஓடினால் இந்த எண்தான் வரும். டேட்டா பொட்டலம் பொட்டலமாகப் போகும்; அப்படி ஒரு முழு பொட்டலம் (ஃபிரேம்) 1538 பைட் இடம் பிடிக்கும். முகவரி போன்ற கூடுதல் தகவல்கள் (ஹெடர்) எல்லாம் போக நம் டேட்டாவுக்குக் கிடைப்பது 1448. 1448-ஐ 1538-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கிப் பாருங்கள், 94.1 வரும். லைனில் நெரிசல் என்றால் எண் ஏறி இறங்கும், இப்படி ஆணி அடித்தாற்போல் நிற்காது.

கிகாபிட்டுக்கு, அதாவது 1000 எம்பிபிஎஸ்ஸுக்கு, கேபிளின் 8 கம்பிகளும் வேண்டும். நீல ஜோடியிலோ பழுப்பு ஜோடியிலோ ஒரு கம்பி விட்டுப்போனால், பெரும்பாலான நெட்வொர்க் கார்டுகள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கி ஓடும். நெட் வேலை செய்வதால் சந்தேகமே வராது. விண்டோஸில் செட்டிங்ஸ், நெட்வொர்க், ஈத்தர்நெட் போய் லிங்க் ஸ்பீடைப் பாருங்கள். 1000/1000 வர வேண்டும். 100/100 என்றால் முதலில் கேபிளை மாற்றுங்கள். கேட்-5ஈ (Cat5e) வகை கேபிள் தாராளமாகப் போதும். அப்படியும் ஏறாவிட்டால் ரூட்டர் போர்ட்டே 100தானா என்று பாருங்கள், விலை குறைந்த மாடல்களில் அது சகஜம்.

கேபிள் மாற்றியதும் 190-ஐத் தாண்டிவிட்டது.

வைஃபையில் அளக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வைஃபை 4, 2.4 கிகாஹெர்ட்ஸ், 20 மெகாஹெர்ட்ஸ் சேனல், 2 ஆன்டெனா என்றால் லிங்க்கே அதிகபட்சம் 144. அதில் 200-ஐ அளக்க வழியே இல்லை. கேபிளில், விபிஎன் அணைத்து, டிவி ஸ்ட்ரீமிங்கை நிறுத்திவிட்டு அளங்கள். காலையில் ஒருமுறை, இரவு 9 மணி வாக்கில் ஒருமுறை.