60 லிட்டர் கடல்நீர்த் தொட்டி: காரைக்குடி வெயிலில் அளவு நிலையாக நிற்கவே மாட்டேன் என்கிறது

கோட்டையூரான்:
எல்லோருக்கும் வணக்கம். இதற்கு நான் புதுசு. இரண்டடி நீளம், ஓரடி அகலத் தொட்டி, கல்லும் மணலும் போக 60 லிட்டர் தண்ணீர் பிடிக்கிறது. ஒரு ஜோடி கோமாளி மீன், நாலைந்து நத்தை, ஒரு கொத்து சோவாந்தஸ் (பூ மாதிரி விரிகிற மென்பவளம்), இரண்டு மஷ்ரூம் பவளம், அவ்வளவுதான். புதுத் தொட்டியில் பாக்டீரியா குடியேறுகிற சைக்கிள் முடிந்து அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டுகிறது, மீன்களும் நன்றாகச் சாப்பிடுகின்றன. சோவாந்தஸ்தான் பாடாய்ப் படுத்துகிறது. காலையில் விரிந்து நிற்கும், மத்தியானம் ஆனால் மொட்டு மாதிரி மூடிக்கொள்ளும், சில நாள் மறுநாளும் திறக்காது. பிஎச் காலையில் 7.8, சாயங்காலம் 8.2, அதனால் பிஎச் ஏற்றக் கடையில் கொடுத்த பஃபர் பொடியைத் தினம் காலையில் கொஞ்சம் போடுகிறேன். தொட்டி படுக்கையறையில் இருக்கிறது, ராத்திரி ஏசி ஓடும், பகலில் அணைத்துவிடுவோம். ஆவியாகிப் போகிற தண்ணீரை ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக ஊற்றுகிறேன். கடல் பக்கம்தானே, தொண்டியில் போய் நாலு கேன் தண்ணீரும் ரெண்டு பவளக்கல்லும் எடுத்து வந்து போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் சித்தப்பா. செய்யலாமா?

தேவகோட்டைத் தொட்டிக்காரன்:
தம்பி, முதலில் அந்தப் பஃபர் டப்பாவை மூடி உள்ளே வையுங்கள். 7.8, 8.2 எல்லாம் நோயே இல்லை. விளக்கு எரியும்போது பாசியும் பவளமும் கரியமில வாயுவை இழுத்துக்கொள்வதால் பிஎச் ஏறும், ராத்திரி இறங்கும், கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிற எல்லோருக்கும் நடப்பதுதான். அதிலும் கதவைச் சாத்தி ஏசி போட்டு ஆட்கள் தூங்குகிற அறையில் காற்றிலேயே கரியமில வாயு கூடிவிடும், அதற்குப் பொடி மருந்தாகாது. பொடி ஏற்றுவது ஆல்கலினிட்டியை, அதாவது பிஎச்சை விழாமல் தாங்குகிற கார்பனேட் அளவை. அதை அளந்தீர்களா? 8, 9 டிகேஎச் (அதன் அலகு) பக்கம் இருக்க வேண்டியது உங்களுக்கு 12-ஐத் தாண்டியிருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

ஆனால் எனக்குச் சந்தேகம் உங்கள் ஞாயிற்றுக்கிழமை மேல்தான். ஆவியாவது வெறும் தண்ணீர், உப்பு தொட்டியிலேயே கிடக்கும். நாளைக்கு ஒரு லிட்டர் போகிறது என்று வையுங்கள், ஆறு நாளில் 60 லிட்டர் 54 ஆகும், 35 பிபிடி (ஆயிரத்துக்கு 35 பங்கு) இருந்த உப்பு 39-ஐத் தொடும். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை ஆறு லிட்டரையும் ஒரே மூச்சில் ஊற்றினால் அரை மணி நேரத்தில் பழையபடி 35. பெரிய தொட்டியில் இது தெரியாது, 60 லிட்டரில் சோவாந்தஸ் மூடிக்கொள்ளாமல் என்ன செய்யும்? கண்ணாடியில் நீர்மட்டத்துக்கு ஒரு டேப் ஒட்டுங்கள், காலை பல் விளக்கிய கையோடு அந்தக் கோடு வரைக்கும் ஆர்ஓ தண்ணீர் ஊற்றுங்கள், உப்புக் கலக்காமல். காசு இருந்தால் தானாக ஊற்றுகிற ஏடிஓ ஒன்று வாங்கலாம், சின்னத் தொட்டிக்கு விலை உயர்ந்த விளக்கைவிட அதுதான் முதலில் வர வேண்டியது.

ஒன்று மறந்துவிட்டேன். வீட்டு ஆர்ஓ மெஷினில் டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் அளவு) கண்ட்ரோலர் இருந்தால் அது ருசிக்காகக் கொஞ்சம் பழைய தண்ணீரைத் திரும்பக் கலந்து விடும். குடிக்க நல்லது, தொட்டிக்கு ஆகாது. டிடிஎஸ் மீட்டரில் பூஜ்யம் காட்ட வேண்டும். காரைக்குடியின் பேர்போன சம்பை ஊற்றுத் தண்ணீரே ஆனாலும் நேரடியாக ஊற்றாதீர்கள்.

பள்ளத்தூர் ஆச்சி:
மேலே தேவகோட்டைத் தம்பி சொன்னது சரி. ஆனால் வெப்பத்தை விட்டுவிட்டார். ராத்திரி ஏசியில் 25, பகலில் பூட்டிய அறையில் 31 என்று போனால் உப்பை எவ்வளவு சரி பண்ணினாலும் பவளம் தேறாது. பழைய வீடாக இருந்தால் தொட்டியை ஏசி அறையிலிருந்து எடுத்து இரண்டாங்கட்டில் (வீட்டின் உள்பகுதியில்) வெயில் விழாத அறைக்கு மாற்றுங்கள். அந்தச் சுவர்க் கனத்துக்கு உள்ளே சூடு மெதுவாகத்தான் ஏறி இறங்கும், வளவு (நடு முற்றம்) திறந்திருப்பதால் காற்றும் ஓடும், பிஎச் தொந்தரவும் பாதி போய்விடும். தண்ணீர்மேல் படுகிற மாதிரி ஒரு சின்ன ஃபேனை டெம்பரேச்சர் கண்ட்ரோலரில் 27-க்கு வையுங்கள். சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கிற மெஷின்) இல்லாமல் முடியாது என்று சென்னைக்காரர்கள் சொல்வார்கள், அங்கே காற்றே ஈரம். நம் பக்கம் கோடைக் காற்று காய்ந்தது, ஃபேன் மட்டுமே இரண்டு மூன்று டிகிரி இறக்கும். ஃபேன் போட்டால் இன்னும் அதிகம் ஆவியாகும், அதனால் டேப் கோட்டை ஒரு நாளும் மறக்கக் கூடாது.

வைக்கிற இடத்தில் ஒரு கவனம். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் சிமெண்டில் செய்தது, உப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தால் பூ வெளுத்துப்போகும், அடியில் ஒரு தட்டு போடுங்கள். சுவரை ஒட்டியும் வைக்க வேண்டாம், ஒரு சாண் தள்ளி வையுங்கள். எங்கள் வீட்டு முட்டைப்பூச்சில் (முட்டை வெள்ளைக்கரு கலந்த சுவர்ப் பூச்சு) உப்புப் பூத்து எங்க ஐயாவிடம் நான் வாங்கிய திட்டு போதும்.

பாக் நீரிணை:
சித்தப்பாவிடம் சொல்லிவிடுங்கள், கல்லில் கை வைக்கவே வேண்டாம். கடினப் பவளம் அத்தனையும், கடல்விசிறியும், கடல்குதிரையும் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, 2001-இல் சேர்த்தார்கள். புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. கரையில் செத்து ஒதுங்கிய துண்டாக இருந்தாலும் வண்டியில் ஏற்றினால் வழக்குத்தான். தொட்டிக்குச் செயற்கைக் கல்லே போதும், பாக்டீரியா அதிலும் குடியேறும். மீன் இன்னும் வேண்டுமென்றால் கடலில் பிடித்ததைவிடத் தொட்டியில் பொரித்து வளர்த்ததாகக் கேட்டு வாங்குங்கள், கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கிற வேலை மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையத்திலேயே நடந்திருக்கிறது.

தண்ணீரும் தொண்டியில் வேண்டாம். பாக் விரிகுடா ஆழமில்லாத, சேறு கலங்கிய கடல், கரையோரம் படகு டீசல் வேறு. ஐப்பசி கார்த்திகை மழைக்கு உப்பளவும் இறங்கிவிடும். கடல்நீர்த் தொட்டிக்கென்று விற்கிற உப்புப் பொடி வாங்கி ஆர்ஓவில் ஒரு நாள் பம்ப் ஓட விட்டுக் கலக்குங்கள், எப்போதும் ஒரே மாதிரி வரும்.

கோட்டையூரான்:
எல்லோருக்கும் நன்றி. இப்போதுதான் அளந்தேன், ரிஃப்ராக்டோமீட்டரில் (உப்பளவு பார்க்கிற கருவி) ஒப்படர்த்தி 1.029! தண்ணீர் வழக்கமான மட்டத்துக்கு இரண்டு விரல் கீழே நிற்கிறது. ஆல்கலினிட்டி 12.4. பாதித் தண்ணீரை இன்றைக்கே மாற்றிவிடட்டுமா?

தேவகோட்டைத் தொட்டிக்காரன்:
வேண்டவே வேண்டாம். உங்கள் தொட்டி அளவுக்கு இரண்டு விரல் என்றால் ஐந்து, ஐந்தரை லிட்டர். அதை நிரப்பினாலே 1.026-க்கு, அதாவது 35 பிபிடி பக்கம், வந்துவிடும், உப்பு எதையும் வெளியே எடுக்க வேண்டியதில்லை. ஆனால் இன்றைக்கே ஊற்றாதீர்கள், ஒன்றரை லிட்டர் வீதம் நாலு நாளில் ஊற்றுங்கள், அன்றன்றைக்கு ஆவியானதையும் சேர்த்து. அதற்கு முன்னால் ரிஃப்ராக்டோமீட்டரை 35 பிபிடி திரவத்தில் வைத்துச் சரிபாருங்கள், வெறும் தண்ணீரில் பூஜ்யம் வைத்தால் மேலே தப்பாகக் காட்டலாம். ஆல்கலினிட்டி தானாக இறங்கும், வாரம் ஆறு லிட்டர் மட்டும் மாற்றுங்கள்.

பள்ளத்தூர் ஆச்சி:
பேட்டரியில் ஓடுகிற காற்று பம்ப் ஒன்று இப்போதே வாங்கி வையுங்கள், சித்திரையில் கரண்ட் போனால் பவளத்துக்கு முன்னால் மீன்தான் மூச்சுத் திணறும். தொட்டியை இடம் மாற்றுவது உப்பு நிலைக்கு வந்த பிறகு.